கதவு ரப்பருக்குக் கீழே

பெப்ரவரி 10, திங்கள்

காலை ஷிஃப்ட். ஐந்து கார், பதினேழு குறை. முடிந்து வரும் கார்களில் ஐந்தை வரிசையிலிருந்து இழுத்து, காசு கொடுத்து வாங்க வந்தவள் போலச் சுற்றிச் சுற்றிக் குறை பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அம்மாவுக்கு அதே வேலை, சம்பளம்தான் இல்லை என்று ஆதிரை சொல்வாள். அவள் அப்படிச் சொன்னால் இவர், அவளுடைய அப்பா, சிரிக்க மாட்டார். சிரிப்பு வந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுவார்.

இப்போது எழும்பிப் போகவும் ஆள் இல்லை. வேலைக்கு ஹங்கேரிக்குப் போய்ப் பதின்மூன்று மாதம். கிறிஸ்மஸ் லீவுக்கு வந்து திரும்பிப் போய் ஐந்து கிழமை.

அவர் போன பிறகு குசினி அலுமாரிக் கதவு தொங்குகிறது. மேலே இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி, கீழே ஏழு. திருகாணியை அரைச் சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும். சுற்ற மாட்டேன். அது அவருடைய வேலை.

பெப்ரவரி 16, ஞாயிறு

இவருடைய ஃபோன் வந்தது, அவர் கேட்க நான் பதில். நான்கு நிமிடம்.

"சாப்பிட்டீரோ?"

"ஓம்."

"அங்கை குளிரே?"

"குளிர்தான்."

"பிள்ளை ஃபோன் எடுத்தவளே?"

"எடுத்தவள்."

"சரி, அப்ப வைக்கிறன்."

வேலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. வெளியே சொல்ல மாட்டேன் என்று அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். மற்றதைச் சொல்ல யார் தடுத்தது? நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதரின் இருமல் கேட்டாலும் போதும் என்று ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன். இன்று இருமவும் இல்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

மழைக்குள் நின்று கார் எண்ணினேன். என்னைப் பார்த்தவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பட்டிருக்கும்.

எங்கள் பக்டரி ஜெர்மனியில், முதலாளி அமெரிக்கன். கார் நிறுத்த இரண்டு இடம். வாசலோடு உள்ளது எங்கள் அமெரிக்கனின் கார்களுக்கு. வேறு கொம்பனிக் காரில் வேலைக்கு வருகிறவன் றெயில் பாதைக்கு அப்பால், சரளைக் கல்லில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே ஏழு எட்டுக் கார்தான் நிற்கும். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். இன்று வாசல் பக்கம் பாதி வெறுமை. அப்பால் இடம் போதாமல் புல்லின் மேல் ஏற்றி விட்டிருக்கிறார்கள். ஜப்பான், கொரியா, இப்போது சீனாவும்.

எங்கட ஆக்களே எங்கட காரை வாங்காட்டி வெளியாள் ஏன் வாங்கப் போறான்?

மார்ச் 3, திங்கள்

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இதே நாள். இவருக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது, என்ன செய்ய.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. மூன்று மாத ஒப்பந்தத்தில் நிற்கிறேன். ஒரு காரின் பின் கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தால், உள்ளே நீல மெழுகுப் பென்சிலால் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. 'உ'. ரப்பருக்குக் கீழே எழுத்தோ அழுக்கோ எது இருந்தாலும் பத்துப் புள்ளி. எங்கள் வேலையில் புள்ளி கூடினால் கார் மோசம் என்று அர்த்தம். நான் பத்தை எழுதவில்லை. பெருவிரலால் துடைத்துவிட்டேன். இடைவேளையில், கதவு பொருத்துகிற இடம் வரைக்கும் தமிழ் முகம் தேடிக்கொண்டு போனேன். ஒரு ஒல்லி ஆள் பெட்டி ஒன்றின் மேல் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்கட பிள்ளையார் எங்களுக்குப் பத்துப் புள்ளி எல்லோ தாறார்" என்றேன்.

அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "துடைச்சிட்டீரோ?"

அதுதான் பாலச்சந்திரன். ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதல் காருக்கு அப்படிச் சுழி போட்டுத்தான் தொடங்குவாராம். அடுத்த ஆவணியில் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் கிழமை ஒரு சத்தியம் வாங்கினேன்: இனி எழுதக் கூடாது. யாராவது கண்டுபிடித்தால், பெண்சாதி மறைத்துக் கொடுக்கிறாள் என்று இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள். சத்தியத்தைக் காப்பாற்றினார். அதன் பிறகு ஒரு ரப்பருக்குக் கீழும் நான் அதைக் கண்டதில்லை. காணவில்லை என்று கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. வாங்கினதும் நான்தான், கவலைப்பட்டதும் நான்தான்.

மார்ச் 8, சனி

ஆஹெனிலிருந்து ஆதிரை வந்தாள், தன் பழைய கொரியன் காரில். வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் கொம்பனிக் காரில் பிள்ளைக்கு விலைக்கழிவு இருக்கிறதே என்றேன்.

"அம்மா, உங்கட காரில ஃபோனை இணைக்க மூண்டு தரம் கும்பிட வேணும். இதில ஏறி இருந்தால் சரி."

"கதவைச் சாத்திப் பார். சத்தத்தைக் கேள். தகரப் பேணி."

"கதவுச் சத்தத்தை ஆர் அம்மா கேக்கினம்?"

நான் கேட்கிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அவள் சொன்னது நாள் முழுக்க மண்டைக்குள் நின்றது. நாங்கள் கதவை அழகாகப் பொருத்திக்கொண்டிருக்கிறோம். சனம் திரையைப் பார்க்கிறது, விலையைப் பார்க்கிறது, போய்விடுகிறது.

மார்ச் 20, வியாழன்

அலோசியஸ் அண்ணை சாப்பாட்டு மேசைக்கு வந்து இருந்தார். தொழிலாளர் சபையில் இருக்கிற ஒரே தமிழர். அவர் மேசை தேடி வந்தால் ஏதோ விசயம் இருக்கிறது.

சின்ன மின்சாரக் கார் ஒன்று திட்டத்தில் இருக்கிறதாம். அதை எங்களிடம் தருவதா, அல்லது ஐரோப்பாவில் சின்னக் காரையே கைவிடுவதா என்று மிச்சிகன் தலைமையகத்தில் இலையுதிர் காலத்துக்குள் முடிவெடுப்பார்கள். அமெரிக்கனுக்குத் தன் நாட்டில் பெரிய பிக்கப் விற்றால் போதும், அதில்தான் லாபம். இங்கே சின்னக் காரில் ஜப்பான்காரன் ஒரு கடி, கொரியாக்காரன் ஒரு கடி. மிச்சத்தைச் சீனன் தட்டோடு தூக்குகிறான். அதனால் சீனனுடைய கார் ஒன்றை வாங்கி, எங்கள் காரோடு பக்கத்தில் வைத்து, கழற்றிப் பார்த்து, அவனை விட நாங்கள் நன்றாகச் செய்வோம் என்று ஒரு அறிக்கை எழுதப் போகிறார்கள். அண்ணையும் அதைக் கொண்டு மிச்சிகன் போவார்.

"புதுக் கார் வந்தால் கதவுப் பகுதிக்கு ஆள் பழக்க வேணும். முதல் ஃபோன் பாலாவுக்குத்தான். நான் பேசி வைச்சிருக்கிறன்" என்றார்.

ஆயிரத்து முந்நூறு பேரின் வேலை அந்தக் காரில் தொங்குகிறது. எனக்குக் கேட்டது 'முதல் ஃபோன் பாலாவுக்கு' மட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஷிஃப்டைக் குறைத்தபோது விலகற் காசு வாங்கிக்கொண்டு வெளியேறியவர் இவர். ஆறு மாதம் வீட்டில் இருந்தார். இருந்தார் என்பதைவிட ஜன்னலோடு நின்றார். பிறகு சீனக் கொம்பனி ஹங்கேரியில் புதுப் பக்டரி திறக்கிறது, கதவு பொருத்தப் பழக்க இரண்டு வருடத்துக்கு ஆள் தேடுகிறது என்று கடிதம். "எங்கட கழுத்தை அறுக்கிறவனுக்குக் கத்தி தீட்டிக் குடுக்கப் போறியளோ?" என்று கத்தினேன். "கதவு எண்டால் கதவுதானே" என்றார். போய்விட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப் பிறப்பு. இவர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: றைஸ் குக்கருக்குள் சர்க்கரை போட்டுப் பொங்கின புக்கை. அடியில் ஒரு எழுத்து இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். குக்கரின் மூடியில் அவருடைய முகம் கொஞ்சம் தெரிகிறது.

மே 13, செவ்வாய்

சீனன் வந்துவிட்டான். வெள்ளை நிறம், சின்னக் கார், டோர்ட்முண்டில் கடையில் வாங்கியது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற சீட்டில் 'ஹங்கேரியில் தயாரிக்கப்பட்டது' என்று இருக்கிறது. கொஞ்ச நேரம் அந்தச் சீட்டோடு நின்றேன்.

எங்கள் காரை நேற்றே பார்த்து முடித்தாயிற்று. பதினான்கு புள்ளி.

அலோசியஸ் அண்ணை தோளில் தட்டினார். "தங்கச்சி, நாளைக்கு இதை வடிவாப் பாரும். கொஞ்சம் இறுக்கிப் பாரும்."

மே 14, புதன்

இறுக்கித்தான் பார்த்தேன். கோபத்தோடுதான் போனேன். என் மனிதரைக் கொண்டுபோன கார்.

இருக்கைத் தையல் ஓரிடத்தில் கோணல், இரண்டு. முன் மூடி ஒரு பக்கம் உயரம், மூன்று. பின் விளக்கு ஓரத்தில் பூச்சுத் துளி, நான்கு. ஒன்பது. இன்னும் கிடைக்கும், கதவில் பிடிப்பேன் என்று நினைத்தேன்.

அளவுத் தகட்டை முன் கதவு இடைவெளியில் விட்டேன். மூன்றரை மில்லிமீற்றர். கீழே இழுத்துக்கொண்டு போனேன். மூன்றரை. நான்கு கதவும் மேலிருந்து கீழ்வரை மூன்றரை. பிறகு கதவைச் சாத்தினேன்.

அந்தச் சத்தம். இன்னொரு தரம் திறந்து சாத்தினேன். கீழ்ப் பிணைச்சலை முதலில் இறுக்கி, மேலேயுள்ளதைக் கடைசியில் இறுக்கினால்தான் கதவு அப்படி மெத்தென்று போய் உட்காரும். வேலைப் புத்தகத்தில் மேலிருந்து கீழே என்றுதான் இருக்கிறது. கீழேயிருந்து மேலே இறுக்குகிற ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

சும்மா விட்டிருக்கலாம். முறைப்படி பின் கதவு ரப்பரையும் இழுத்துப் பார்க்க வேண்டும், இழுத்தேன்.

உ.

நீலம். சின்னதாக, வால் நீண்டு.

மண்டபத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. காரின் கதவோடு குந்தி இருந்துவிட்டேன். பதினாறு மாதத்தில், கிறிஸ்மஸ் லீவிலும் கூட, இவருக்கு இவ்வளவு கிட்ட இருந்ததில்லை.

எழுதினால் பத்து. ஒன்பதும் பத்தும் பத்தொன்பது. எங்களுடையது பதினான்கு. எழுதினால் நாங்கள் வெல்கிறோம். வென்றால் புதுக் கார் வரும், புதுக் கார் வந்தால் இவர் வருவார். இதைவிட நேர் வழி உண்டா? பொய் கூட இல்லை, இருக்கிறதை எழுதினால் சரி. எனக்கு அதற்குத்தானே சம்பளம்?

பெருவிரல் தானாகப் போய் அதில் நின்றது. துடைக்கவும் மனம் வரவில்லை. ரப்பரைக் கீழ் மூலையிலிருந்து மேலே அழுத்திக்கொண்டு போய் மூடினேன். தாளில், கதவு என்ற இடத்தில் பூச்சியம் போட்டேன்.

ஏன் எழுதேல்லை? ஆயிரத்து முந்நூறு சனம். அலோசியஸ் அண்ணையின்ர மகளுக்குத் தையில கல்யாணம். எனக்கே இவர் வேணும் — எனக்கே! அவற்ற கையைக் குறை எண்டு எழுத என்ர கைக்கு ஏலாமப் போச்சு. அவ்வளவுதான். வேற நியாயம் ஒண்டும் இல்லை.

மே 15, வியாழன்

அண்ணை தாளைப் பார்த்தார். "ஒன்பதோ?" என்றார். "ஒன்பது" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் மடித்துப் பைக்குள் வைத்தார்.

மே 18, ஞாயிறு

சாப்பிட்டீரோ, குளிரே, பிள்ளை எடுத்தவளே எல்லாம் முடிந்தது.

"இஞ்சருங்கோ, நீங்கள் இப்பவும் பென்சில் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஏன்?"

"சும்மா."

"சரி, அப்ப வைக்கிறன்."

யூன் 15, ஞாயிறு

ஹம் நகரத்துக் கோயிலில் அம்பாளின் தேர். தெரு முழுக்கச் சனம், எங்கும் தெரிந்த முகம், எல்லாரும் ஒரே கேள்வி: "அவர் வரேல்லையே?" வரேல்லை, வரேல்லை, வரேல்லை. லீவு இல்லையாம். பதினொரு பேருக்குப் பதில் சொல்லிவிட்டுத் தேர் இருப்புக்கு வருமுன்னே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுவாமிக்கு முன்னால் கேட்டது: புதுக் கார் கிடைக்க வேணும், இவர் வர வேணும். புள்ளியைப் பற்றி அம்பாளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

மூன்று நிமிடம். கோடையிலும் "குளிரே?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவர் சிரித்தது கேட்டது! ஃபோன் என்றபடியால் எழும்பிப் போக முடியவில்லை.

செப்டெம்பர் 9, செவ்வாய்

அலோசியஸ் அண்ணையும் பக்டரித் தலைவரும் மிச்சிகன் போகிறார்கள். அண்ணை புதுக் கோட் வாங்கியிருக்கிறார். வாசலில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, கை வரவில்லை. அந்தப் பைக்குள் என் ஒன்பது இருக்கிறது.

ஒக்டோபர் 21, செவ்வாய்

வரிசையை நிறுத்திவிட்டு எல்லாரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் பெரிய திரை. மிச்சிகனில் இருந்து ஒரு பெண், நல்ல வடிவான பச்சைச் சட்டை, எங்கள் தரத்தைப் பற்றிப் பெருமைப்படுகிறாளாம். பிறகு சொன்னாள். ஐரோப்பாவில் இனிச் சின்னக் கார் இல்லை. வருகிற யூனோடு எங்கள் பக்டரி முடிவு.

பின்னால் ஒருவர் தன் தேநீர்க் குவளையை மெதுவாக நிலத்தில் வைத்தார், அது கேட்டது.

ஒக்டோபர் 22, புதன்

பத்துப் புள்ளி. பத்துப் புள்ளி. பத்துப் புள்ளி.

ஒக்டோபர் 24, வெள்ளி

பொறுக்க முடியவில்லை. அலோசியஸ் அண்ணையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"அண்ணை, நான் அந்தக் காரில பத்துப் புள்ளியை ஒளிச்சனான். ரப்பருக்குக் கீழ எழுத்து இருந்தது. எழுதியிருந்தால் நாங்கள் வெண்டிருப்பம்."

ஏசுவார் என்று நின்றேன். அவர் மேசைக்குக் கீழே குனிந்து அந்தப் பையைத் தூக்கி வைத்தார். அறிக்கைக் கட்டு கட்டின நாடாவோடு அப்படியே இருந்தது.

"பிரிக்கவே இல்லைத் தங்கச்சி. கொண்டு போன மாதிரியே கொண்டு வந்தனான். மாசியிலேயே முடிவெடுத்திட்டாங்களாம். எங்களை ஏன் கூப்பிட்டவங்கள் எண்டால், தொழிலாளர் சபையையும் கேட்டது எண்டு எழுத வேணுமாம்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அங்கை வாசலில நிண்டு பாத்தனான், பிரபா. ஒரு சின்னக் கார் இல்லை. ஒவ்வொண்டும் வீடு மாதிரிப் பிக்கப். சின்னக் கார் எண்டால் என்னெண்டே அவங்களுக்கு மறந்து போச்சு. உம்மட பத்துப் புள்ளியை ஆர் பாக்கப் போறான்?"

என்ன எழுத்து என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரோ?

மாசியில். நான் மழைக்குள் நின்று கார் எண்ணின மாதம். நிம்மதியாக இருக்க வேண்டும், கோபம்தான் வருகிறது. ஐந்து மாதம் ஒரு சுழிக்காக நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன், அவங்களோ நாடாவைக் கூட அவிழ்க்கேல்லை!

நவம்பர் 16, ஞாயிறு

"சாப்பிட்டீரோ?"

"ஓம்."

"பொடியள் பழகிட்டாங்கள். இனி நான் தேவையில்லையாம். மார்கழியோட முடியுது."

"அப்ப?"

"அப்ப வாறன்."

வைத்துவிட்டார். இரண்டு நிமிடம் கூட இல்லை. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்கும் ஹோலுக்கும் நடந்தேன். வர வேணும், வர வேணும் என்று கேட்டேன். வருகிறார். எனக்கு வேலை போகிறது, அவருக்கும் போகிறது, அதனால் வருகிறார். சுவாமியிடம் கேட்கும்போது எப்படி வர வேணும் என்றும் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

டிசெம்பர் 20, சனி

வந்துவிட்டார். றெயில் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி. ஹம் ஸ்ரேசனில் மூன்றாம் மேடையில் காத்திருந்து கால் விறைத்துவிட்டது. தலை நன்றாக நரைத்திருக்கிறது. ஃபோனில் நரை தெரியவில்லை. என்னைப் பார்த்து, "மெலிஞ்சு போனீர்" என்றார். அவருக்கு அது நீண்ட பேச்சு.

சப்பாத்து இரண்டும் வாசலில் கிடக்கின்றன. வழியில்தான் கிடக்கின்றன. எடுக்கவில்லை.

டிசெம்பர் 21, ஞாயிறு

காலையில் எழும்பினால் குசினியில் சத்தம். அலுமாரிக் கதவைக் கழற்றி மேசையில் கிடத்தியிருக்கிறார். "இதை ஏன் இவ்வளவு நாளா இப்பிடி விட்டனீர்?" என்றார். தேநீர் ஊற்றி வைத்தேன்.

இவருக்குக் கை வேலையாக இருந்தால்தான் வாய் திறக்கும். முதுகைக் காட்டிக்கொண்டு பிணைச்சல் பூட்டுகிற நேரம் பார்த்துக் கேட்டேன்.

"மே மாதம் ஒரு வெள்ளைக் கார் எங்களிட்டை வந்தது. ஹங்கேரிக் கார்."

கை நின்றது. திரும்பவில்லை.

"துடைச்சிட்டீரோ?"

"இல்லை."

"புள்ளி எழுதினீரோ?"

"இல்லை. சத்தியம் பண்ணித் தந்தனீங்கள் எல்லோ, இனி எழுத மாட்டன் எண்டு?"

"அது இந்தப் பக்டரிக்குத்தானே." திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். கீழ்ப் பிணைச்சலை முதலில் இறுக்கினார். "எந்தக் கொம்பனியும் மற்றவன்ர காரை வாங்கிக் கழட்டும். உங்கட அமெரிக்கனும் கழட்டுவான். கழட்டினால் அங்கை ரப்பரை இழுத்துப் பாக்கிற ஆள் நீர். ஜெர்மனிக்குப் போகுது எண்டு சீட்டில போட்டிருக்கிற காராப் பாத்து, என்ர கையால பூட்டினதில எல்லாம் ஒண்டு போட்டு விட்டன். எது உம்மட்டை வரும் எண்டு தெரியாதே."

"எத்தினை காரில?"

"எண்ணேல்லை. மூண்டு பென்சில் முடிஞ்சுது."

மேல் பிணைச்சலை இறுக்கிக் கதவைச் சாத்தினார். அதே சத்தம். நான் போய்ப் பையிலிருந்து அளவுத் தகட்டை எடுத்து வந்து பார்த்தேன். மேலேயும் கீழேயும் ஒரே அளவு. குறை இல்லை என்றேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும், எழும்பி அறைக்குள் போய்விட்டார்.

யூனுக்குப் பிறகு இரண்டு பேரும் என்ன செய்யப் போகிறோம் என்று நாளைக்குக் கதைக்க வேண்டும். இன்று இந்தக் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டி, 'நான்கு நிமிடம்', 'மூன்று நிமிடம்' என்று எழுதி வைத்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டிக்கொண்டிருக்கிறேன்.